மழை நாளில் நாற்றங்கால் பறவைகளைக் கவனியுங்கள்

மழை மூட்டமான நாட்களில், வளர்ந்த நெல் நாற்றங்காலில் கொக்கு, மைனா, காகம் ஆகியவை கூட்டமாக இறங்கினால், உடனே விரட்டக் கூடாது. சற்றுத் தள்ளி நின்று, எந்தப் பாத்தியில் கொத்துகின்றன என்று கவனிக்க வேண்டும். பின்னர் அங்கே நாற்றின் அடியிலும் மண் இடுக்கிலும் தேடினால் படைப்புழுக்கள் தென்படக்கூடும்.

வறட்சிக்குப் பின் பெருமழை பெய்தால் இப்புழுக்கள் பெருகும். பகலில் பதுங்கி, இரவில் கூட்டமாகத் தின்னும். மாடு மேய்ந்தாற்போல் நாற்றங்கால் மொட்டையாகிவிடும்.

புழு காணப்பட்டால் நாற்றங்காலில் நீர் கட்ட வேண்டும். பதுங்கிய புழுக்கள் மேலே வரும்; பறவைகள் பொறுக்கித் தின்னும். வாத்துகளையும் விடலாம். மழை நேரத்தில் தெளிக்கும் மருந்து கழுவப்பட்டு வீணாகும். புழுவைத் தின்னும் பறவைக்கும் கேடு.