கால் வயிறு – 9: பெரிபெரி திரும்பி வந்த வழி

வாந்தியைப் பற்றி எழுதுகிறேன் என்று சென்ற வாரம் சொல்லியிருந்தேன். பசியாறிக்கொண்டே இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.

எடை குறைக்க நான் செய்துகொண்ட ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். முதல் மாதங்களில் அதற்குள் ஒரு சின்னக் கோப்பை அளவுதான் கொள்ளும். ஒரு வாய் கூடினாலோ, மெல்லாமல் விழுங்கினாலோ, சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தாலோ எல்லாம் மேலே வந்துவிடும். முதலில் நெஞ்சுக்குள் ஓர் அடைப்பு. பிறகு வாயெல்லாம் எச்சில் ஊறும். அப்புறம் வெள்ளை நுரை. சோறு, ரொட்டி, காய்ந்த கோழிக்கறி மூன்றும் இதற்குப் பேர்போனவை. ரொட்டி சானாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எல்லாருக்கும் வருகிறது என்பதாலேயே இந்த வாந்தியை யாரும் பொருட்படுத்துவதில்லை. "அவசரமா முழுங்கியிருப்பே" என்பார் என் மாமியார். "டாக்டர்தான் கொஞ்ச நாளைக்கு இப்படி இருக்கும்னு சொன்னாரே" என்பேன் நான். இருவர் சொன்னதும் சரிதான். அந்தச் சரியான இரண்டு பதில்களுக்கு நடுவில்தான் ஆபத்து நுழைந்தது.

இரண்டாம் மாதம் எனக்கு வந்தது வேறு வாந்தி. கஞ்சியும் தங்கவில்லை, முட்டையும் தங்கவில்லை. குழாயின் வளைவில் வழி குறுகிப்போயிருந்தது. பின்னால் வாய்வழியே கேமராவை விட்டு, உள்ளே பலூனை ஊதி, அந்த இடத்தை அகலப்படுத்தினார்கள். ஆனால் அதுவரை என்ன செய்வது? இனிப்பான தண்ணீர் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. ரோஸ் சிராப், குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், சாலையோரக் கரும்புச்சாறு. ஏதோ உள்ளே போகிறதே, தெம்பு இருக்கும் என்று வீட்டில் எல்லாரும் ஆறுதல் பட்டார்கள்.

உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. மாடிப்படியில் முட்டி மடங்கியது. தராசில் எண் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்ததால் காலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை மறைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எடை குறைகிற மயக்கத்தில் இருக்கிறவளுக்கு மற்றதெல்லாம் சில்லறை விஷயம்.

கடைசியில் அவசரப் பிரிவுக்குப் போனபோது தாதி குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப் போனார். கடமையில் இருந்த இளம் டாக்டர், நம் தமிழ்ப் பெண், தடுத்துவிட்டார். "அக்கா, வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கீங்களா? வாந்தி எவ்வளவு நாளா இருக்கு? கால் மரத்துப்போகுதா?" எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். "முதல்ல பி1 ஊசி. அப்புறம்தான் டிரிப்" என்றார்.

அந்த வரிசை ஏன் முக்கியம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சீனியையும் மாவுச்சத்தையும் உடம்பு எரித்துச் சக்தியாக்க பி1, அதாவது தயமின், வேண்டும். இந்த வைட்டமினை உடம்பு அதிகமாகச் சேர்த்து வைப்பதில்லை. உள்ளே வருவது நின்றால் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் இனிப்பு ஊற்ற ஊற்ற, மிச்சமிருக்கும் துளியும் செலவாகும். நான் சிராப் குடித்துத் தெம்பு தேடிய நாட்களில் உண்மையில் அந்தத் துளியைத்தான் தீர்த்துக்கொண்டிருந்தேன். இருப்பு வற்றிய நிலையில் பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் அடி மூளைக்கு விழலாம். கண் ஆடும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். சிலருக்கு அந்த நினைவு திரும்புவதே இல்லை.

1881இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த மூளை நோயை முதலில் விவரித்தபோது மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவர் குடிகாரர்கள். மூன்றாவது ஓர் இளம் தையல்காரப் பெண். கந்தக அமிலத்தைக் குடித்ததில் அவளுடைய இரைப்பையின் கீழ்வாய் சுருங்கிவிட, ஓயாத வாந்தி. குடிகாரர்களைத்தான் மருத்துவ உலகம் நினைவில் வைத்துக்கொண்டது. இன்றும் பலருக்கு இது குடிகாரர் நோய். அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு நடந்ததுதான், வேறு காரணத்தால், இரைப்பை குறுகிய எங்களுக்கு நடக்கிறது.

"இது பெரிபெரியோட ஆரம்பம்" என்று அந்த டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெயரை நான் பாட்டியிடம்தான் கேட்டிருந்தேன். சப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று கால் வீங்கிப் போனவர்களின் கதை அது. சப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு வேலைக்குப் போன தோட்டத்துத் தமிழர்களைக் காலராவோடு சேர்ந்து வாரிய நோய்களில் இதுவும் ஒன்று. அது பஞ்சத்தின் நோய். மலேசியாவின் பிறையில், வீட்டைச் சுற்றி விடிய விடிய மாமாக் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும் ஊரில், நேற்றுவரை 110 கிலோ இருந்தவளுக்கு அது வருமா?

வந்தது. அப்போதிலிருந்து இந்த நோயைத் துருவிப் படித்தேன். படிக்கப் படிக்க இது நம் நாட்டிலேயே அவிழ்ந்த முடிச்சு என்பது தெரிந்தது. இதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நூறு வருஷத்துக்கு முந்திய மலாயாவில் பெரிபெரி பெரிய கொள்ளைநோய். ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அதில் செத்தார்கள். காலனி டாக்டர்கள் கிருமி என்றார்கள், ஈரமண் என்றார்கள், கெட்ட காற்று என்றார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற டாக்டர் வேறு ஒன்றைக் கவனித்தார். அதே வெயில், அதே மழை, ஆனால் தோட்டத்துத் தமிழர்களுக்கு இந்த நோய் அபூர்வமாகவே வருகிறது. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் வருவதில்லை. சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டி மூட்டையில் வந்த வெள்ளரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டில் குத்திக்கொண்டார்கள். தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. 1907இல் பிராடன் இதைப் புத்தகமாகவே எழுதினார். காரணத்தை மட்டும் தப்பாகப் பிடித்தார், பழைய வெள்ளரிசியில் ஏதோ விஷம் ஊறுகிறது என்று நினைத்தார். ஆனால் கண் சரியாகப் பார்த்திருந்தது.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு வெள்ளரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கலரிசி. வெள்ளரிசிக் கூட்டத்தில் பெரிபெரி பரவியது, பலர் இறந்தார்கள். புழுங்கலரிசிக் கூட்டத்தில் யாருக்கும் புதிதாக வரவில்லை. சம்மதம் கேட்கப்படாத அந்த மனிதர்களை நினைத்தால் மனம் கசக்கத்தான் செய்கிறது. அதன் பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர்களிடம் இதையே இன்னும் கறாராகச் சோதித்தார்கள். கிருமியும் இல்லை, விஷமும் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துதான் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மன் என்ற டாக்டர், தீட்டிய அரிசி போட்ட கோழிகளுக்கு இதே போன்ற நோய் வருவதை அதற்கு முன்பே கண்டிருந்தார். தவிட்டோடு போன அந்தச் சத்துதான் பி1. அதை 1926இல் அதே பத்தாவியாவில் பிரித்தெடுத்தார்கள், 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். பி1 என்ற பெயரே பிறக்காத காலத்தில் நெல் அவிக்கும் அண்டா தோட்டத்து மக்களைக் காத்தது. அந்தக் காலத்துக் கூலியில் அவர்களுக்குக் கிடைத்த நல்லவை மிகக் கொஞ்சம். இது அதில் ஒன்று.

இதைப் படித்துவிட்டு யாரும் புழுங்கலரிசிக்கு மாறினால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். நான் சாப்பிடுவது இரண்டு கரண்டிச் சோறு. அது எந்த அரிசியாக இருந்தாலும் அதிலிருந்து எனக்கு வேண்டிய பி1 கிடைக்காது. மாத்திரைதான் வழி, அதுவும் ஆயுள் முழுக்க. காலையில் மல்டிவைட்டமின், இரும்பு தனியாக, சுண்ணாம்புச்சத்து அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி. இரும்பு மாத்திரையோடு தே குடித்தால் தேயிலை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று டயட்டீஷியன் சொன்ன நாளில்தான் எனக்கு அழுகை வந்தது. கத்தியைப் பார்த்து அழாதவள், காலைத் தேநீருக்காக அழுதேன்.

தட்டில் வரிசையும் மாறிவிட்டது. முதலில் கெம்போங் மீனோ முட்டையோ தவ்வோ, பிறகு காய், இடம் மிஞ்சினால் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் என்பது கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், இட்லியில் 2 கிராம்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பந்தியோ தலைகீழ், இலை நிறையச் சோறு, மற்றதெல்லாம் அதற்குத் துணை. கல்யாண வீட்டில் நான் சோற்றை ஒதுக்கி மீனை மட்டும் பிய்ப்பதைப் பார்த்த ஓர் அத்தை, "என்னம்மா, கறியும் மீனும் மட்டும்தான் இறங்குமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஆமாம் அத்தை, மருத்துவர் சொல்லித்தான்.

இனிப்பில் இன்னொரு வம்பு இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தீவுக்குப் போய்த் தண்ணீர்மலைப் பாதையில் நடந்தபோது ஒரு பந்தலில் சிராப் வாங்கிக் குடித்தேன். கால் மணி நேரத்துக்குள் வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, வயிறு முறுக்கியது. இதற்கு டம்பிங் என்று பெயர். அடர்ந்த சீனி குழாயில் நிற்காமல் நேரே குடலுக்குள் பாய்கிறது, குடல் அதைக் கரைக்க உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. இன்சுலின் தாறுமாறாகச் சுரந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவதும் உண்டு. பைபாஸ் செய்தவர்களுக்கு இது கூடுதல், எங்களுக்கும் விலக்கில்லை. ஓரமாக உட்கார்ந்த என்னைப் பார்த்து வெயில் மயக்கம் என்று நினைத்த பந்தல் தம்பி ஒருவர் ஓடிவந்து இன்னொரு கோப்பை சிராப் நீட்டினார். புண்ணியவான்.

எங்கள் செபராங் பிறை மண்ணே சீனி மண். ரப்பர் வருமுன் இங்கே கரும்புத் தோட்டங்கள், அதற்காகவே 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தம் போட்டுத் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். பிறகு 1960களில் நாட்டின் முதல் சீனி சுத்திகரிப்பு ஆலையும் பிறையில்தான் எழுந்தது. இந்த ஊரில் பிறந்து "தே ஓ கொசோங்" என்று சீனியில்லாத தே கேட்கிறேன், கடைக்காரர் இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொள்கிறார்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. எடை குறைப்பு அறுவையைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவது இரண்டு சமயங்களில். ஒன்று, பிரபலம் ஒருவர் செய்துகொள்ளும்போது. 2005இல் மரடோனா, 2014இல் இந்திய நிதியமைச்சராக இருந்த அருண் ஜெட்லி. இன்னொன்று, யாராவது அறுவையால் இறக்கும்போது. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்து, தமிழக அரசு விசாரணைக்கு உத்தரவிட்ட செய்தி இங்கும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அதை எனக்கு அனுப்பாத சொந்தக்காரர் இல்லை. அந்த மரணம் விசாரிக்கப்பட வேண்டியதுதான். ஆனால் தேர்ந்த இடங்களில் இந்த அறுவையில் சாவு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு, மறுபரிசோதனைக்குப் போகாமல், கால் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பவர்கள் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. எடை குறைந்தவுடன் டாக்டரும் மகிழ்ச்சி, நோயாளியும் மகிழ்ச்சி, கணக்கு முடிந்தது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்களோ உடல் பருமன் உள்ளவர்களோதான். இந்த அறுவைக்கு இனி ஆள் குறையப்போவதில்லை. பருத்த உடம்பு என்றால் சத்துள்ள உடம்பு என்ற நினைப்பு மாறாதவரை பெரிபெரியை யாரும் தேடிப் பார்க்கவும் மாட்டார்கள். எடை குறைக்கும் ஊசி போடுகிறவர்களுக்கும் வாந்தி நீடித்தால் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அறுவை செய்துகொண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதை மட்டும் கத்தரித்து ஐஸ்பெட்டியில் ஒட்டி வையுங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எதுவும் தங்காவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வார்த்தையாக, இரைப்பை அறுவை செய்தவர், பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள் என்று சொல்லுங்கள். மலாயில் சொல்ல வராதென்றால் எழுதிக் காட்டுங்கள். கால் எரிச்சல், தள்ளாட்டம், இரட்டைப் பார்வை எதுவானாலும் எடையோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

என் கால் எரிச்சல் ஊசி போட்ட சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கியது. இடது பாதத்தின் நுனியில் மரப்பு இன்னும் இருக்கிறது, செருப்பு கழன்று விழுந்தால் சில சமயம் தெரிவதில்லை.

பி1 இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். பி12 அப்படியல்ல, ஈரலில் வருஷக்கணக்கில் இருப்பு கிடக்கும், அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் குறையும். சைவக்காரர்களுக்கு அது இன்னும் சிக்கல். அதையும், வேகமாக எடை குறைந்ததில் எனக்கு வந்து சேர்ந்த பித்தப்பைக் கல்லையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)