படுக்கையும் லேசரும்

இடுப்பில் கிளம்பி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து பாதம்வரை சுண்டி இழுக்கும் வலி சயாட்டிகா. மூட்டிலிருந்து வரும் இடுப்பு வலி வேறு, நரம்பின் வழியே வரும் இந்த வலி வேறு என்று 1764இல் நேப்பிள்ஸ் மருத்துவர் டொமெனிக்கோ கோடுன்யோ பிரித்துக் காட்டினார். பிதுங்கிய டிஸ்க் நரம்பின் வேரை அழுத்துவதே பெரும்பாலும் காரணம் என்பதை 1934இல் பாஸ்டனின் மிக்ஸ்டரும் பாரும்தான் நிலைநாட்டினார்கள். 'ஜவ்வு விலகிவிட்டது' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

காரணம் தெரிந்த பிறகும், கத்தி வைக்காத வைத்தியம் என்றால் நெடுங்காலம் படுக்கைதான். மெத்தைக்கு அடியில் பலகை. இடுப்பைச் சுற்றிப் பட்டை, அதிலிருந்து ஒரு கயிறு, கால்மாட்டில் கப்பி, கப்பியில் தொங்கும் எடைக்கல். வாரக்கணக்கில் மல்லாந்து கிடப்பார்கள். தொடை இளைக்கும், சம்பளம் நிற்கும். ஆனாலும் அந்த நாட்களில் வலிப்பவரின் வலியை வீடு முழுவதும் நம்பியது, அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

1999இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்து மருத்துவர்கள் 183 சயாட்டிகா நோயாளிகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு வாரம் படுக்கை, மற்றதற்கு வழக்கமான நடமாட்டம். 12 வாரம் கழித்து இரு பிரிவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். குணமாக்கியது காலம், பெயர் வாங்கியது கட்டில்.

இன்று அந்த இடத்துக்கு வந்திருப்பவற்றுள் ஒன்று குறைதிறன் லேசர். 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகளின் முதுகில் லேசரைப் பாய்ச்சியபோது மயிர் விரைவாக வளர்ந்ததைக் கண்டார், தொடக்கம் அதுதான். இப்போது பிசியோதெரபிஸ்ட்டும் நோயாளியும் காப்புக் கண்ணாடி அணிகிறார்கள். முதுகெலும்பின் ஓரமாகக் கருவியின் முனை ஒவ்வோர் இடமாகப் பதிகிறது. 904 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது, குத்தாது. சில நிமிடங்களில் எழுந்து வேலைக்குப் போகலாம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அந்த ஒளியை உறிஞ்சுவதால் வீக்கம் தணிகிறது என்பது விளக்கம்.

பலன்? செர்பியாவில் காலுக்கு இறங்கும் திடீர் இடுப்பு வலியுள்ள 546 பேரிடம் நடந்த ஆய்வில், மாத்திரையோடு லேசரும் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற அமைப்பு நாள்பட்ட இடுப்பு வலிக்கான பரிந்துரைப் பட்டியலில் இதைச் சேர்த்தது, ஆனால் சான்றின் தரம் குறைவு என்றே குறித்தது. சயாட்டிகாவுக்கென்று தனியே பார்த்தால் சான்று இன்னும் மெலிவு. கட்டிலுக்கு வைத்த அதே சோதனையை லேசருக்கும் வைத்தாக வேண்டும். நடையும் உடற்பயிற்சியும் முதலில், லேசர் துணைக்கு என்பதே என் கருத்து.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர் கழிக்கவோ அடக்கவோ முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் அது தொய்ந்தாலோ, லேசருக்கு நாள் குறிக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.