வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்புப் பகிர்வு: பழுதா, பூட்டா?

ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருப்பது இன்று எமது நாட்டில் அபூர்வமான விடயமல்ல. தந்தையின் அலுவலக வேலைகள் ஒன்றில், பிள்ளைகளின் பாடக்குறிப்புகள் இன்னொன்றில், குடும்பப் புகைப்படங்கள் பழைய கணினியொன்றில் என அவை சிதறிக் கிடக்கின்றன. இவற்றை வீட்டு வலையமைப்பினூடாகவே பகிர்ந்துகொள்ள முடியும். ஆயினும், அயல் கணினி திரையில் தென்படாது. தென்பட்டாலும் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கும். இத்தகைய வேளைகளில் தீச்சுவரை முற்றாக நிறுத்திவிடுவதும், கோப்புறையை எவரும் எதுவும் செய்யலாம் எனத் திறந்துவிடுவதுமே பலரும் நாடும் பரிகாரமாக உள்ளது. இந்தப் பரிகாரம் நோயைவிடக் கொடியது என்பதே எமது கருத்தாகும்.

பழுதெனத் தோன்றுபவற்றுள் பல, வேண்டுமென்றே போடப்பட்ட பூட்டுகள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்வதற்கு எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. அதன் முதற் பதிப்பு 1980களில் உருவானது. அப்பதிப்பைக் கையாளும் விண்டோஸ் மென்பொருளிலிருந்த ஓட்டையொன்றினூடாகவே, 2017 மே மாதம் 'வன்னாகிரை' எனும் கப்பம் கோரும் தீநிரல் கணினிக்குக் கணினி தாவிப் பரவியது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனைகளும் அதற்குத் தப்பவில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. 2017 ஒக்டோபர் முதல் விண்டோஸ் 10 இல் இம்முதற் பதிப்பு படிப்படியாக அகற்றப்பட்டது. 2009 இல் விண்டோஸ் 7 உடன் அறிமுகமான 'ஹோம்குரூப்' வசதியும் 2018 ஏப்ரலில் நீக்கப்பட்டது. நேற்றுவரை தெரிந்த அயல் கணினி திடீரென மறைந்ததற்கு இவையும் காரணங்களாகும்.

ஆகவே, தடை எந்த இடத்தில் உள்ளது என்பதை ஒழுங்குமுறையாகத் தேடுவதே அறிவுடைமை. முதலில், இரு கணினிகளும் உண்மையில் ஒரே வலையமைப்பில்தான் உள்ளனவா? ஒன்று வீட்டு ரவுட்டருடனும் மற்றது கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டுடனும் இணைந்திருந்தால், இரண்டிலும் இணையம் இயங்கும். ஆனால் ஒன்றையொன்று அவை காணமாட்டா. விருந்தினர் வைஃபையில் இணைந்த கணினியின் நிலையும் பெரும்பாலும் இதுவே. இரண்டினதும் ஐபி முகவரிகளைப் பார்த்தால் உண்மை புலப்படும். வீட்டு ரவுட்டர்களில் பொதுவாக முதல் மூன்று எண்களும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். முகவரி 169.254 எனத் தொடங்குமாயின், அக்கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை எனலாம்.

அடுத்து, அயல் கணினியைப் பெயரால் தேடாமல் எண்ணால் அழைத்துப் பார்க்க வேண்டும். கோப்புச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு, அதன் ஐபி எண்ணைத் தட்டச்சு செய்தால் போதும். பகிர்ந்த கோப்புறை திறக்குமாயின் பகிர்வில் எக்குறையும் இல்லை. பெயரைக் கண்டறியும் ஏற்பாடு மாத்திரமே இயங்கவில்லை. இதை அறியாமல் தீச்சுவரை நிறுத்துவோர், இல்லாத நோய்க்கு மருந்துண்கின்றனர். ரவுட்டரில் அக்கணினிக்கு நிலையான முகவரியை ஒதுக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எண்ணால் அழைத்தும் திறக்காவிடின், கோப்புகளை வைத்திருக்கும் கணினியில் வீட்டு வலையமைப்பு 'பப்ளிக்' எனக் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். விமான நிலையத்திலும் உணவகத்திலும் பொருந்தும் இந்த அமைப்பில், பகிர்வை விண்டோஸ் மறுப்பதே இயல்பு. அதனை 'பிரைவேட்' என மாற்றிப் பகிர்வை அனுமதித்தால், தீச்சுவர் தானாகவே தேவையான வாசலை மட்டும் திறந்துவிடும்.

கடவுச்சொல் விவகாரம் மற்றொரு தலையிடி. நாள்தோறும் கணினியைத் திறக்கும் நான்கிலக்க 'பின்' எண் அந்தக் கணினிக்கு மாத்திரமே உரியது. வலையமைப்பினூடாக அது செல்லுபடியாகாது. கோப்புகளை வைத்திருக்கும் கணினியிலுள்ள கணக்கின் பெயரும் அதற்குரிய முழுக் கடவுச்சொல்லுமே தேவை. பகிர்வுக்கென அக்கணினியில் தனிக் கணக்கொன்றை உருவாக்குவதே சிக்கலற்ற வழி. உள்ளே சென்ற பின்னரும் அனுமதி மறுக்கப்பட்டால், பகிர்வு அனுமதி, கோப்புறையின் பாதுகாப்பு அனுமதி என இரண்டு அனுமதிகள் இருப்பதையும், அவற்றுள் இறுக்கமானதே செல்லும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எஸ்.எம்.பி. முதற் பதிப்பை மட்டுமே அறிந்த பழைய சேமிப்புக் கருவிகளை வைத்திருப்போரின் நிலை சங்கடமானது. அக்கருவிக்காக அப்பதிப்பை மீண்டும் இயக்குமாறு கூறுவோர் உளர். கருவிக்குப் புதிய மென்பொருள் கிடைக்காவிடின், அதிலுள்ளவற்றை வேறொரு தட்டுக்கு மாற்றி அதற்கு ஓய்வு கொடுப்பதே மேல்.

பகிர்வு சீராக இயங்கத் தொடங்கிய பின்னரும் ஒரு விடயம் எஞ்சுகிறது. எழுதும் அனுமதியுடன் பகிரப்பட்ட கோப்புறையை, தீநிரல் தொற்றிய கணினி எதுவும் பூட்டிவிடக்கூடும். பிள்ளைகள் விளையாட்டு மென்பொருள்களை இறக்கும் கணினிக்குப் புகைப்படக் கோப்புறையை வாசிக்கும் அனுமதியுடன் மட்டும் வழங்கலாம். அப்படங்களின் இன்னொரு பிரதியை வெளித்தட்டொன்றில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி அலுமாரியில் வைத்துவிட வேண்டும்.