அளவுகோல் பொய் சொல்லுமா?

பணங்கொடுத்துப் பொருள் வாங்குவோர், அதற்கேற்ற அளவு கிடைத்ததா என ஐயுறுதல் இயல்பே. அத்தகைய ஐயமொன்று ஓர் அறிஞரின் உள்ளத்தில் எழுந்தமையாற் கணிதவுலகு அடைந்த பயனை ஈண்டு நோக்குவோம்.

கோள்களின் இயக்க விதிகளைக் கண்டறிந்த யோகான்னஸ் கெப்ளர், 1613ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வாழ்ந்தார். முதல் மனைவியை இழந்திருந்த அவர் அவ்வாண்டில் மறுமணஞ் செய்துகொண்டார். தன்யூப் நதிவழியே வந்திறங்கிய திராட்சை மதுவிற் சில பீப்பாக்களை இல்லத்திற்கென வாங்கினார். விலைகூற வந்த வணிகர், கிடத்திவைத்த பீப்பாவின் நடுவயிற்றுத் துளைவழியே ஒரு கோலைச் சரிவாக நுழைத்து, அது முனைத்தட்டின் கீழ்விளிம்பைத் தொடுமட்டுஞ் செலுத்தினார். கோல் காட்டிய நீளத்தைக் கண்ட மாத்திரத்தே மதுவின் அளவையுங் கூறிவிட்டார். பீப்பா நெடியதா, குறுகியதா என்று அவர் நோக்கவேயில்லை. இது நேர்மையான அளவைதானா என்ற வினா கெப்ளரை உறுத்திற்று.

அவ்வினா வீணானதன்று. எளிமைக்காகப் பீப்பாவை நேர் உருளையெனக் கொள்வோம். கோல் காட்டுவது 100 சென்ரிமீற்றர். விட்டம் 80, நீளம் 120 சென்ரிமீற்றராயின், பீப்பா ஏறக்குறைய 603 லீற்றர் கொள்ளும். விட்டம் 60, நீளம் 160 ஆயின் 452 லீற்றரே கொள்ளும். விட்டம் 28, நீளம் 192 ஆயின் 118 லீற்றர் மாத்திரமே! மூன்றிலுங் கோலின் அளவு ஒன்றே. விட்டமும் நீளத்திற் பாதியும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள்; கோலே அதன் செம்பக்கம். மாணவர் பைதகரசின் தேற்றத்தால் இதனைச் சரிபார்க்கலாம்.

மெய்யான பீப்பாவோ வயிறு பருத்தது. வளைகோடொன்று ஓர் அச்சைச் சுற்றிச் சுழல்வதாற் பிறக்கும் இத்தகைய உருவத்தைச் சுழற்சித் திண்மம் என்பர். குயவன் சக்கரத்திற் பிறக்குங் குடத்தின் வடிவும் அவ்வகையினதே. இதன் கனவளவைக் காண, நாணயங்களை அடுக்கியதுபோல் மெல்லிய வட்டத்தட்டுகளாக வெட்டியதாகப் பாவனை செய்க. ஒவ்வொரு தட்டினதும் பரப்பைத் தடிப்பாற் பெருக்கிக் கூட்டுக. தடிப்பைக் குறைத்துக்கொண்டே செல்ல, கூட்டுத்தொகை ஓர் எல்லையை அணுகும். அவ்வெல்லையே தொகையீடு.

நீளம் 100, நடு ஆரை 40, முனை ஆரை 30 சென்ரிமீற்றராகவும், பக்கம் பரவளைவாகவும் உள்ள பீப்பாவை எடுப்போம். சராசரி ஆரை 35 என்று கணித்தால் 385 லீற்றர் வரும். தொகையீடு தரும் விடை 425 லீற்றர். நாற்பது லீற்றர் வேறுபாடு சிறிதன்று! பீப்பாவின் பெரும்பகுதி நடு ஆரையை அண்டி நிற்பதும், பரப்பு ஆரையின் வர்க்கத்தோடு பெருகுவதுமே இதற்குக் காரணம்.

கெப்ளரின் காலத்திற் தொகையீட்டு நுண்கணிதம் உருவாகியிருக்கவில்லை. ஆக்கிமிடீசின் வழியைப் பின்பற்றித் திண்மங்களை நுண்கூறுகளாக்கி ஆராய்ந்து, மதுப் பீப்பாக்களின் கனவளவு பற்றிய நூலை அவர் 1615இல் வெளியிட்டார். வட்டவில்லைச் சுழற்றிப் பெற்ற உருவங்களுக்கு அப்பிள், எலுமிச்சை எனக் கனிகளின் பெயரையே சூட்டினார். பின்னர் நியூற்றனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை முறைப்படுத்தினர். நீண்ட ‘எஸ்’ எழுத்துப்போன்ற தொகையீட்டுக் குறியை லைப்னிட்ஸ் கையாண்டது 1675இலாகும்.

வணிகரின் கோல் என்னவாயிற்று? கோலின் நீளம் மாறாதிருக்க, நீளம் விட்டத்தின் ஏறக்குறைய 1.41 மடங்கான உருளையே மிகக் கூடுதலாகக் கொள்ளும் என்பது தெரிந்தது. அவ்வுச்சத்தின் அருகே வடிவு சற்று மாறினுங் கனவளவு அதிகம் மாறாது. 100 சென்ரிமீற்றர்க் கோலுக்குப் பீப்பாவின் நீளம் 110இலிருந்து 120 வரை எதுவாயினும், கொள்ளளவு 602 லீற்றருக்குங் குறையாது, 605ஐயும் மிஞ்சாது. ஒஸ்திரியப் பீப்பாக்கள் இவ்வுச்சத்திற்கு அண்மிய வடிவிலேயே அமைந்திருந்தன. ஆதலின் அந்நாட்டுப் பீப்பாக்களைப் பொறுத்தவரை கோல் பொய் சொல்லவில்லை. நூலறியாத் தச்சரின் கைப்பழக்கம் கணிதத்தோடு ஒத்திருந்தமை கெப்ளரை வியப்பில் ஆழ்த்திற்று.

மாணவர்காள்! வீட்டிலுள்ள மெல்லிய உலோகக் குடமொன்றை எடுத்து, இரண்டிரண்டு சென்ரிமீற்றர் உயரத்திற்கொருமுறை நூலாற் சுற்றளவை அளந்து, ஆரைகளைக் கண்டு, தட்டுகளின் கனவளவைக் கூட்டிப் பாருங்கள். பின்னர் நீர் நிரப்பி அளந்து ஒப்பிடுங்கள். தொகையீடு எத்துணை உண்மையானது என்பதை அக்குடமே உங்களுக்குச் சொல்லும்.