உடைக்காமல் அறியலாம் முட்டையின் தரம்!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை - இந்தப் பெயர்களைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது தோல் தொழில். பாலாற்றையொட்டிய இவ்வூர்களின் தொழிற்கூடங்களில் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பவர் ஒருவர் இருப்பார். தோலை மேசைமேல் விரிப்பார், வெளிச்சத்தில் திருப்புவார், விரல்களால் தடவுவார். உண்ணி கடித்த வடு, முள் கீறிய கோடு, சூட்டுக்கோல் தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்திவெட்டு எதுவும் அவர் பார்வைக்குத் தப்பாது. நொடிப்பொழுதில், "இது முதல் தரம், இது மூன்றாம் தரம்" என்று பிரித்து அடுக்கிவிடுவார்.

அதே தெருவின் மளிகைக் கடையில் அட்டைக்கு முப்பதாக முட்டைகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றிற்கும் தரம் உண்டு. ஆனால் மாணவர்களே, இங்கே ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பதனிட்ட தோலை இன்று பார்த்தாலும் அடுத்த மாதம் பார்த்தாலும், நன்றாகப் பாதுகாத்தால், அதே தரம்தான். முட்டையோ அப்படியன்று. கோழி இட்ட கணத்திலிருந்தே அதன் தரம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை, ஓட்டை உடைக்காமலே கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?

முட்டைக்குள் என்ன நடக்கிறது?

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி சென்டிகிரேடு. முட்டை வெளியே வந்ததும் குளிர்கிறது. உள்ளே இருப்பவை சற்றே சுருங்குகின்றன. அந்த இடத்தை நிரப்பக் காற்று நுழைகிறது. முட்டையின் மழுங்கிய முனையில், ஓட்டை ஒட்டிய இரு சவ்வுகளுக்கிடையே காற்றறை ஒன்று உருவாகிறது.

ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏறத்தாழ 7,000 முதல் 17,000 வரை உள்ளன. இவற்றின் வழியே இரண்டு பொருள்கள் வெளியேறுகின்றன. ஒன்று நீராவி, நீர் குறையக் குறையக் காற்றறை பெரிதாகிறது. மற்றொன்று கரியமிலவாயு. புதிய முட்டையில் வெண்கருவின் பி.எச். அளவு ஏறத்தாழ 7.6. கரியமிலவாயு வெளியேறியபின் அது 9-க்கு மேல் உயர்கிறது. அதாவது காரத்தன்மை கூடுகிறது. அப்போது வெண்கருவைக் கூழ்போல் கெட்டியாக வைத்திருக்கும் புரத வலை தளர்ந்து, வெண்கரு நீர்த்துவிடுகிறது. மஞ்சட்கருவின் சவ்வும் நலிந்து, கரு நடுவிடத்தைவிட்டு நகர்கிறது.

இந்த மாற்றங்களை விரைவுபடுத்துவது வெப்பம். வேலூர்ப் பகுதியின் சித்திரை, வைகாசி வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் வெளிக்காற்றே கோழியின் உடல் வெப்பத்தை எட்டிவிடுகிறது! குளிர்பெட்டியில் ஒரு வாரத்தில் நேரும் தளர்ச்சி, வெளியில் வைத்தால் ஒரே நாளில் நேரலாம் என்பது பொதுவான கணக்கு. தமிழ்நாட்டின் முட்டைக் களஞ்சியமான நாமக்கல்லிலிருந்து 'அ' தரத்தில் புறப்படும் முட்டை, வெயில் படும் கடைவாசலில் சில நாள் கிடந்தால் அதே தரத்தில் இராது. பச்சைத் தோலைக் கெடாமல் காப்பது உப்பு. முட்டையைக் காப்பது குளிர்ச்சி.

அக்மார்க் சொல்லும் அளவுகள்

விளைபொருள்களைத் தரம் பிரித்து முத்திரையிடும் சட்டம் நம் நாட்டில் 1937-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் கீழ் வழங்கப்படுவதுதான் அக்மார்க் முத்திரை. அதன்படி முட்டைகளில் 'அ', 'ஆ' என இரு தரங்கள் உண்டு. முதல் தரத்தில் ஓடு தூய்மையாகவும் விரிசலின்றியும் இருக்க வேண்டும். காற்றறையின் ஆழம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வெண்கரு தெளிவாகவும் ஓரளவு கெட்டியாகவும் இருக்க வேண்டும். இரண்டாம் தரத்தில் காற்றறை 8 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஓட்டில் ஓரளவு கறையும் இருக்கலாம்.

எடை வேறு கணக்கு. 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது. 53 முதல் 59 வரை பெரியது. 45 முதல் 52 வரை நடுத்தரம். 38 முதல் 44 வரை சிறியது. பெரிய முட்டையெல்லாம் நல்ல முட்டை அன்று என்பதை இதிலிருந்து அறிகிறீர்கள் அல்லவா?

காற்றறையை எப்படி அளப்பது? முட்டையின் பின்னால் ஒளியைக் காட்டிப் பார்ப்பார்கள். முற்காலத்தில் இதற்கு மெழுகுவத்தி பயன்பட்டது; இன்று பண்ணைகளில் மின்விளக்கு. ஒளி ஓட்டை ஊடுருவும்போது காற்றறை, விரிசல், இரத்தப்புள்ளி ஆகியவை தெரிந்துவிடும். புதிய முட்டையில் மஞ்சட்கரு மங்கலான நிழலாகவே தெரியும். காரணம், கெட்டியான வெண்கரு அதை நடுவில் பிடித்துவைத்திருக்கிறது. பழைய முட்டையில் கரு ஓட்டின் அருகே வந்து, விளிம்பு தெளிவாகத் தெரியும்.

உடைத்துப் பார்க்கும் முறையும் உண்டு. அதே 1937-இல் அமெரிக்கரான ரேமண்ட் ஹா என்பவர், தட்டில் ஊற்றிய கெட்டி வெண்கருவின் உயரத்தையும் முட்டையின் எடையையும் இணைத்து ஒரு சூத்திரம் வகுத்தார். இதற்கு 'ஹா அலகு' என்று பெயர். 55 கிராம் முட்டையின் வெண்கரு 7 மில்லிமீட்டர் உயரமாக நின்றால் அது ஏறத்தாழ 85 அலகு. 4 மில்லிமீட்டராகத் தாழ்ந்துவிட்டால் 61 அலகு. அமெரிக்கத் தரப்படி 72-க்கு மேல் என்றால் உயர்தரம். பண்ணையில் எல்லா முட்டைகளையும் உடைக்க முடியுமா? சிலவற்றை மட்டும் மாதிரிக்கு எடுத்து உடைப்பார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

முட்டை மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்: இன்று வாங்கியது ஒன்று, ஐந்து நாள் வெளியில் வைத்தது ஒன்று, பத்து நாள் வைத்தது ஒன்று. இருட்டறையில் மழுங்கிய முனையில் டார்ச் விளக்கை ஒட்டிப் பிடித்து, காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு ஒரு பாத்திரம் நீரில் இடுங்கள். புதியது அடியில் படுத்துக் கிடக்கும். நாள்பட்டது மழுங்கிய முனையைத் தூக்கி நிற்கும். மிகப் பழையது மிதக்கும். நம் பாட்டிமார் 'கூமுட்டை'யைக் கண்டுபிடித்ததும் இந்த முறையில்தான். நீர் வெளியேறி எடை குறைகிறது, பருமன் மாறவில்லை. எனவே அடர்த்தி குறைகிறது. ஆர்க்கிமிடீஸின் விதியே இங்கே வேலை செய்கிறது! கடைசியாகத் தட்டில் உடைத்து ஊற்றி, வெண்கரு பரவும் அகலத்தை ஒப்பிடுங்கள்.

அவித்த முட்டையும் தன் வயதைச் சொல்லும். மழுங்கிய முனையில் பெரிய பள்ளம், ஓரமாக ஒதுங்கிய மஞ்சட்கரு, எளிதில் உரியும் ஓடு ஆகியவை நாள்பட்டதன் அடையாளங்கள். மிகப் புதிய முட்டை உரிக்கக் கடினம்.

தரம் சொல்லாதவை

சத்துணவில் முட்டை 1989-இல் சேர்க்கப்பட்டது. தட்டில் வரும் முட்டையில் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது அழுகல் அன்று. அதிக நேரம் வேகும்போது வெண்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் கூடி உண்டாகும் இரும்பு சல்பைடு அது. தயங்காமல் உண்ணலாம். இரத்தப்புள்ளியும் தீங்கற்றது. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததன்று. இரண்டாம் தர முட்டையிலும் புரதம் ஏறத்தாழ அதே அளவுதான்.

ஆனால் துர்நாற்றம் வீசும் முட்டையை மட்டும் ஒருபோதும் உண்ணாதீர்கள்; உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சால்மொனெல்லா போன்ற நுண்ணுயிர்களை எந்த விளக்கொளியும் காட்டிக்கொடுக்காது. இரு கருக்களும் இறுகும்வரை நன்றாக வேகவைப்பதே அதற்கு மருந்து.

அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது முட்டை வெயிலில் இருக்கிறதா, நிழலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு முட்டைகளை மெல்லத் தட்டிப் பாருங்கள். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். "எப்போது வந்த சரக்கு அண்ணா?" என்று கேளுங்கள். தோலைத் தரம் பிரிப்பவர் கேட்க வேண்டாத கேள்வி அது. முட்டை வாங்குபவரோ முதலில் கேட்க வேண்டிய கேள்வி!