ஆப்பில் ஜாதகத்தைச் சேமிப்பது எப்போது லாபம்?

சேலம் அம்மாபேட்டையில் பீரோவுக்குள் மஞ்சள் தடவி வைத்த ஜாதக நோட்டு இன்றும் பல வீடுகளில் உண்டு. இப்போது அந்த இடத்துக்குச் செல்போன் வந்திருக்கிறது. பெயர், பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்துச் சேமிக்கச் சொல்கிறது ஜோதிட ஆப். கொடுப்பதால் உண்மையில் பயன் உண்டா?

தினமும் காலையில் ராசி பலன் பார்ப்பதோடு சரி என்பவர்களுக்கு எதையும் சேமிக்கத் தேவையில்லை. ராசி தெரிந்தால் போதும். மாதாமாதம் வரும் சந்திராஷ்டமத்துக்கும் அதே கணக்குதான். பத்துப் பொருத்தம் பார்க்கக்கூட இருவரின் நட்சத்திரமும் ராசியும் தெரிந்தாலே போதும்.

லக்னமும் தசா புக்தியும் தேவைப்படும்போதுதான் சேமிப்பது பலன் தரும். லக்னம் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். செவ்வாய் தோஷம் உண்டா என்பதை லக்னத்தை வைத்துத்தான் முதலில் பார்க்கிறார்கள். வீட்டில் வரன் தேடுகிறார்கள், வாரத்துக்கு நாலு ஜாதகம் வருகிறது என்றால், ஒருமுறை சரியாகப் பதிந்து வைப்பது நல்லது. தவறாகப் பதிந்தாலோ, அதே தவறு ஒவ்வொரு வரனுக்கும் தொடரும்.

முதல் தவறு ஊரில் நடக்கும். அம்மாபேட்டை என்ற பெயரில் ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் ஓர் ஊர் இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்திலும் ஒன்று உண்டு. சேலத்தில் பிறந்தவர் தஞ்சை அம்மாபேட்டையைத் தொட்டுவிட்டால், தீர்க்கரேகைக் கணக்கில் சுமார் 4 நிமிடம் மாறும். இரண்டு லக்னங்களின் சந்தியில் பிறந்தவருக்கு லக்னமே மாறிவிடக்கூடும்.

அடுத்தது நேரம். பிறப்புச் சான்றிதழில் தேதியும் இடமும் இருக்கும், நேரம் இருக்காது. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுப்பது நல்லது. 'விடியற்காலை' என்று பாட்டி சொன்னதை 5 மணி என்று போட்டுவிடுவதில்தான் சிக்கல். பரணியில் பிறந்தவருக்குத் தொடக்கம் சுக்கிர தசை, மொத்தம் 20 ஆண்டு. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். எனவே பிறந்த நேரத்தில் 1 மணி நேரம் பிசகினால் தசைக் கணக்கு சுமார் 10 மாதம் நகர்ந்துவிடும். கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்பவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல. குடும்ப ஜோசியர் கணித்தது வாக்கியமா, திருக்கணிதமா என்று கேட்டு, ஆப்பிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜாதகம் கணிக்க ஆதார் எண்ணும் போட்டோவும் தேவையே இல்லை. செல்லப் பெயர் கொடுத்தாலும் கட்டம் மாறாது. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. கொடுத்த விவரத்தை நீக்கச் சொல்லும் உரிமையையும் தருகிறது.

நேரம் உறுதியாகத் தெரிந்தால், பழைய நோட்டில் உள்ள லக்னத்தோடு ஆப் காட்டும் லக்னத்தை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துச் சேமிக்கலாம். நேரமே தெரியாதவர்களுக்கு ராசி பலன் போதும்.