கண்டாங்கி கறுத்த கதை

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்தால், சுவரின் உயரத்தில் சற்றே முன்சாய்ந்து தொங்கும் பழைய புகைப்படங்களைக் காணலாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் தொழில் செய்யப் போனவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், நாற்காலியில் ஏற்றி நிறுத்திய குழந்தைகள்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி அப்படி ஒரு படத்தை எடுத்துவந்தாள். அவளுடைய ஆயாவின் தாயார், கணவரோடு நிற்கும் படம் என்று சொல்லப்படுவது. அந்த அம்மையாரின் கண்டாங்கிச் சேலை இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது, அரக்குச் சிவப்பு. படத்திலோ கரிக்கறுப்பு! குங்குமமும் மைப்பொட்டுப்போல் இருந்தது. "இது வேறு யாரோ" என்று வீட்டில் ஒரு கட்சி. பாகம் பிரிக்கும் சமயம். படம் பழம்பொருள் கடைக்குப் போகவிருந்தது. தேக்குச் சட்டத்துக்கு விலை உண்டல்லவா?

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு, சாம்பல் நிறமாகத்தானே தெரிய வேண்டும்? அக்காலத்துப் படத்தட்டை அறிந்தால் விடை கிடைக்கும். 1871இல் மாடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டினில் வெள்ளி புரோமைடைக் கலந்து கண்ணாடியில் பூசும் முறையை வெளியிட்டார். ஒளி பட்ட புரோமைடுத் துகள்கள், டெவலப்பர் கரைசலில் கறுத்த வெள்ளியாகின்றன. ஒளி படாதவை ஹைப்போவில் கரைந்து போகின்றன. ஆகவே தட்டில் வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் தெளிவாகவும் பதியும். அதிலிருந்து தாளில் படி எடுக்கும்போது மீண்டும் தலைகீழாகும்.

ஆனால் எல்லா ஒளியும் தட்டைத் தாக்குவதில்லை. ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்று 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியின் ஒரு பொட்டலத்தில் ஏறத்தாழ 2.8 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. 650 நானோமீட்டர் சிவப்பில் 1.9தான். வெள்ளி புரோமைடுக்கு 2.6 அளவில் தேவை. ஆளுயர மதிலை ஒரே தாவலில்தான் தாண்ட முடியும். அரையடித் தாவலை ஆயிரம் முறை தாவினாலும் இந்தப் பக்கமே நிற்போம். சிவப்புச் சேலையிலிருந்து வந்த ஒளி தட்டில் ஒன்றும் செய்யவில்லை. அதனால் படியில் அவ்விடம் கறுத்துவிட்டது.

பெர்லினில் ஃபோகல் 1873இல் சாயம் சேர்த்துத் தட்டைப் பச்சைக்கும் இணங்க வைத்தார். எல்லா நிறங்களையும் உணரும் தட்டு 1906இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. ஆயினும் சிவப்பு உணராத தட்டுகள் வெகுகாலம் புழங்கின. அவற்றை இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் கழுவலாம், வேலை எளிது.

நாங்கள் அந்தச் சேலையை விரித்து, நீலக் கண்ணாடித் தாள் வழியாகப் பார்த்தோம். சிவப்பு அப்படியே கறுத்தது. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். நிறம் ஒத்ததால் மட்டும் ஆள் அவர்தான் என்று சொல்லிவிட முடியாது. சேலையின் கட்டங்களையும் கரையின் பட்டைகளையும் உருப்பெருக்கியால் ஒப்பிட்டோம். எண்ணிக்கை சரியாக இருந்தது. மறுத்த கட்சியிலும் பேச்சு குறைந்தது.

படத்தின் ஓரங்கள் ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தன. வெள்ளிக் குத்துவிளக்கைக் கறுக்க வைக்கும் அதே கந்தகச் சேர்மங்கள், படத்தின் நுண்ணிய வெள்ளியைப் பழுப்பாக்குகின்றன. சரியாகக் கழுவாமல் தங்கிய ஹைப்போவும் இதைச் செய்யும். ஈரம் ஏறினால் ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே வெயிலும் ஈரச் சுவரும் ஆகா; ஈரத்துணியால் துடைக்கவும் கூடாது. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோ படங்களைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் மின்னணுப் படிகளாகச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் படத்துக்குக் கைப்பேசியில் ஒரு படி எடுத்தாலே நல்ல தொடக்கம்.

இன்னொன்று, பெயர். மாணவியின் ஆயாவுக்கு எண்பத்தொன்பது வயது. அவர் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் இருவர் பெயரையும் எழுதினாள். பேனா மை ஊறிவிடும். இப்போது அந்த வீட்டில் இன்னும் பதினொரு படங்கள் பெயரில்லாமல் இருக்கின்றன. ஞாயிறுதோறும் ஆயாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டிவருகிறாள்.